32 வயசு ஆள் காத்தாடி விட்டார், விமானம் வந்தது!

[சென்னை காசிமேட்டில் ஒரு மொட்டை மாடி. பின்னால் வானத்தில் இரண்டு காத்தாடிகள். என் கையில் ஒரு காலி பேஸ்ட் டப்பா.]

1899, கோடைக்காலம். அமெரிக்காவில் டேட்டன் என்கிற ஊர். சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒருத்தர், வயசு 32, வெட்டவெளியில் நின்று காத்தாடி விடுகிறார். பள்ளிக்கூடப் பசங்க வேடிக்கை பார்க்கிறார்கள். திடீரென்று காத்தாடி தலைகுப்புறப் பாய்ந்து வருகிறது. பசங்க அத்தனை பேரும் தரையில் விழுந்து படுத்துக்கொள்கிறார்கள்!

இதுவே நம்ம தண்டையார்பேட்டையாக இருந்தால் "இந்த வயசுல காத்தாடி கேக்குதா?" என்று தெருவே கேட்டிருக்கும். அந்த ஆளின் பெயர் வில்பர் ரைட். ஆமாம், அதே ரைட் சகோதரர்களில் அண்ணன்.

'1903-ல் ரைட் சகோதரர்கள் விமானத்தைக் கண்டுபிடித்தனர்' என்று ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நடுவில் இருக்கிற நாலு வருஷம்தான் கதையே. அதை விட்டுவிட்டுப் பாடம் நடத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

முன்கதையை வேகமாக முடித்துவிடலாம். 1783-ல் பிரான்சில் வெப்பக்காற்று பலூன் பறந்தது. அதில் ஏறிய முதல் பயணிகள் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மூன்றும் பத்திரமாக இறங்கின. (வாத்துக்கு எதற்குப் பலூன் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி வீடியோ.) அப்புறம் ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால். இறக்கையைக் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து சுமார் 2000 முறை சறுக்கிப் பறந்தவர். திசை மாற வேண்டுமென்றால் தொங்கிக்கொண்டே உடம்பை அந்தப் பக்கம் வீசுவார், அவ்வளவுதான் அவருடைய ஸ்டீயரிங். 1896-ல் காற்று வாரிவிட்டது, விழுந்தார், மறுநாள் இறந்தார்.

அந்தச் செய்தி ரைட் சகோதரர்களை யோசிக்க வைத்தது. மேலே ஏறுவது எப்படி என்று ஓரளவு தெரியும். ஏறினவன் கவிழாமல் இருப்பது எப்படி? அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

[கேமரா வானத்தைப் பார்க்கிறது.]

கொஞ்சம் அறிவியல். பயப்படாதீர்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், காத்தாடி மேற்கே ஊர்ப்பக்கம் நிற்கும். சூத்திரம் (காத்தாடியின் மேலும் கீழும் கட்டுகிற இரட்டை நூல்) போடும்போது மேல் நூலைக் கொஞ்சம் குட்டையாக விடுகிறோம் இல்லையா? காத்தாடியின் தலை நம் பக்கம் சாய வேண்டும் என்பதற்காக. சாய்ந்த தாளில் மோதுகிற காற்று கீழ்நோக்கித் திரும்புகிறது. காத்தாடி காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று காத்தாடியை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, வேறொன்றும் இல்லை.

சரி, நூல் அறுந்தால் ஏன் விழுகிறது? பிடித்து நிறுத்த ஆள் இல்லை, காத்தாடி காற்றோடு காற்றாகப் போக ஆரம்பித்துவிடும். எதிர்த்து நின்றால்தானே மோதல்? மோதல் இல்லையென்றால் தூக்கலும் இல்லை. விமானத்துக்கு நூல் கிடையாது. காற்றை எதிர்த்து அதை இழுத்துப் போகும் வேலையை எஞ்சின் பார்க்கிறது.

இன்னொன்று. இறக்கைக்கு மேலே போகிற காற்றும் கீழே போகிற காற்றும் ஒரே நேரத்தில் பின்னால் போய்ச் சேர வேண்டும், அதனால்தான் மேல்காற்று வேகமாகப் போகிறது என்று யாராவது சொல்லித் தந்திருந்தால், அது தப்பு. மேல்காற்று வேகமாகப் போவது உண்மை. ஆனால் சேர்ந்து போக வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை, அது முன்னாடியே போய்விடும்.

[பேஸ்ட் டப்பா கேமராவுக்கு அருகில்.]

இப்போது இந்த டப்பா. இந்த வீடியோ எடுத்ததே இதற்காகத்தான், ஸ்கிப் பண்ணாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று எடுத்து வாருங்கள். இரண்டு முனை மூடியையும் கத்தரித்துவிடுங்கள். உள்ளே பேஸ்ட் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள், அம்மாவிடம் அடி வாங்கித் தர நான் தயாராக இல்லை.

சைக்கிள் டியூப் வாங்க வந்த ஒருத்தரிடம் வில்பர் பேசிக்கொண்டிருக்கிறார். கையில் டியூப் வந்த காலி அட்டைப்பெட்டி. பேச்சு வாக்கில் அதன் இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்குகிறார். நீங்களும் முறுக்குங்கள். பார்த்தீர்களா? ஒரு முனை முகத்தைத் தூக்குகிறது, மறு முனை குனிகிறது. நடுப்பகுதி அப்படியே உறுதியாக இருக்கிறது.

டப்பாவின் மேல் அட்டை ஒரு இறக்கை, கீழ் அட்டை இன்னொரு இறக்கை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முகம் தூக்கிய பக்கம் காற்றை அதிகமாகக் கீழே தள்ளும், அந்தப் பக்கம் உயரும். குனிந்த பக்கம் தாழும். விமானம் சாய்ந்துவிட்டதா, முறுக்கி நிமிர்த்து. திரும்ப வேண்டுமா, முறுக்கிச் சாய்!

மற்ற பலர் விமானத்தைக் கப்பல் மாதிரி நினைத்தார்கள்: சாயவே கூடாது, சுக்கானைத் திருப்பினால் போதும். இந்த அண்ணன் தம்பி சைக்கிள்காரர்கள். சாயாமல் சைக்கிளை வளைக்க முடியாது என்பது அவர்களுக்கு உடம்பிலேயே ஊறிய விஷயம். ஒரு பெரிய விஞ்ஞானிக்குத் தோன்றாதது சைக்கிள் கடையில் தோன்றியது என்றால் எனக்கு அதில் தனி சந்தோஷம். சந்தோஷமாக இருக்கிற எல்லாரும் லைக் போடுங்கள்.

அந்த 1899 காத்தாடி இதைச் சோதிக்கத்தான். சுமார் 5 அடி அகலம், மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, நாலு நூல், கையில் இரண்டு குச்சி. குச்சியைச் சாய்த்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். வேலை செய்தது! பிறகு ஆளைச் சுமக்கும் அளவுக்குப் பெரிதாக, இன்னும் எஞ்சின் இல்லாமலே, செய்தார்கள். ஓட்டுபவர் கீழ் இறக்கையில் குப்புறப் படுத்து இடுப்பை ஆட்டினால், கம்பிகள் இறக்கையை முறுக்கும். விமானத்தை இடுப்பால் ஓட்டியிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

அதிலும் ஒரு கோளாறு. முறுக்கினால் சில சமயம் விமானம் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு சுழன்றது. 1902-ல் ஒரு ராத்திரி தம்பி ஆர்வில் வழக்கத்தைவிட அதிகமாகக் காபி குடித்துவிட்டு தூக்கம் வராமல் புரண்டார். அப்போது தோன்றிய விடை: பின்னால் நிலையாக இருக்கிற வாலை அசையும்படி செய்துவிட்டால்? காபி குடித்தால் படிப்பு ஏறாது என்று சொல்கிற பெரியவர்களுக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள்.

1901-ல் இன்னொரு சிக்கல், இறக்கை கணக்குப் போட்ட அளவுக்குத் தூக்கவில்லை. பழைய கணக்கை நம்பாமல் 6 அடி நீள மரப்பெட்டியில் காற்றாடி விசிறி வைத்து, ஆக்சா பிளேடு, சைக்கிள் போக்ஸ் கம்பி இவற்றில் தராசு செய்து, சுமார் 200 குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். அப்புறம்தான் எஞ்சின்: கடை மெக்கானிக் சார்லி டெய்லர் 6 வாரத்தில் 12 குதிரைத்திறன் எஞ்சின் செய்து தந்தார். 1903-ல் அரசாங்கம் தந்த 50,000 டாலரை வைத்து விஞ்ஞானி சாமுவேல் லாங்லி செய்த விமானம் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டு தடவை.

1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக் பக்கம் கடற்கரை மணல். மணல் ஏன்? விழுந்தால் அடி குறைவு. கடற்கரை ஏன்? காற்று. அன்று காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் எதிரே அடித்தது. அதனால் விமானம் தரையைப் பொறுத்தவரை ஆள் ஓடும் வேகத்தில்தான் போனது. வில்பர் பக்கத்திலேயே ஓடினார். ஆர்வில் பறந்தது 12 விநாடி, 120 அடி. நம்ம கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் இரண்டு பெட்டி நீளம்கூட இல்லை! அன்றைக்கே நாலாவது முறை வில்பர் 59 விநாடி, 852 அடி போனார். அதற்கப்புறம் ஒரு பலத்த காற்று வந்து நிறுத்தியிருந்த விமானத்தைப் புரட்டிப் போட்டு உடைத்தது. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

இனி சென்னைக்காரர்களுக்கு. 1910-லேயே மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அங்கே சைக்கிள் கடைக்காரர், இங்கே ஓட்டல்காரர்! பல்லாவரம் என்றதும் என் வடசென்னை மனசு கொஞ்சம் வாடியது. அதுவும் அந்தப் பக்கமே போச்சா?

[மேசை மேல் ஒரு தாள்.]

காத்தாடி விடப் போகிறவர்களுக்கு ஒன்று. மாஞ்சா வேண்டவே வேண்டாம். சென்னையில் அதற்குத் தடை இருக்கிறது. பைக்கில் போனவர்கள் கழுத்து அறுபட்டு இறந்திருக்கிறார்கள். டீல் போட்டு ஜெயிப்பதெல்லாம் அதற்கு ஈடாகாது. வெறும் பருத்தி நூல் போதும்.

இப்போது உங்களுக்கு வேலை. அகல இறக்கை வைத்த காகித விமானம் ஒன்று செய்யுங்கள், கூர்மையான ராக்கெட் வேண்டாம். இடது இறக்கையின் பின் ஓரத்தை லேசாக மேலே மடியுங்கள், வலது பின் ஓரத்தைக் கீழே. எந்தப் பக்கம் சாயும்? விடுவதற்கு முன்னாடியே கமெண்டில் பதிலை எழுதுங்கள், விட்ட பிறகு திருத்தினால் கண்டுபிடித்துவிடுவேன். வகுப்பு நடக்கும்போது மட்டும் விடாதீர்கள்; டீச்சர் கொண்டையில் போய் இறங்கினால் சேனல் பொறுப்பில்லை.