மோல்மேன்ல ஒரு ஊறுகாய் ஜாடி

வணக்கம் நேயர்களே. பேச கூப்பிட்டதுக்கு நன்றி. எதப் பத்தி வேணா பேசுங்கன்னு சொன்னாங்க, அப்போ எனக்கு ஒரே ஊருதான் ஞாபகம் வந்தது, பர்மாவுல இருக்குற மோல்மேன். இப்போ மௌலமியைன்னு சொல்றோம், நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னமும் மோல்மேன்தான்.

நம்ம ஆளுங்க ரங்கூன்ல இருந்து தெற்க போனா சைத்தியோ தங்கப் பாறைய கும்பிட்டுட்டு அப்படியே திரும்பிடுறாங்க. இன்னும் கொஞ்சம் தெற்க போனா போதும், தன்ல்வின் ஆறு கடல்ல சேர்ற இடம், அங்க ஆத்துக்கு இந்தப் பக்கம் மொட்டமா, அந்தப் பக்கம் மோல்மேன். எனக்கு ரொம்ப வருத்தம் அது, அவ்வளவு தூரம் போயிட்டு அந்த ஆத்தப் பாக்காம வர்றது.

எங்க பாட்டி வீட்டு அடுக்களைல ஒரு பெரிய ஜாடி இருந்தது. கரும்பழுப்பு நிறம், மேல பளபளன்னு மெருகு, கழுத்துல கயிறு கட்ட சின்னச் சின்ன காது. மாங்காய் ஊறுகாய் அதுலதான். உங்க வீட்டுலயும் இருந்திருக்கும், இல்லேன்னா பக்கத்து வீட்டுல ஙாப்பி, அதான் பர்மாக்காரங்க மீன் விழுது, போட்டு வெச்சிருப்பாங்க. எங்க பக்கத்து வீட்டுல ஹிந்தி பேசுற ஒரு அக்கா, அவங்க அத ஜாடின்னு சொல்ல மாட்டாங்க, மர்த்தபான்னுதான் சொல்லுவாங்க, "அந்த மர்த்தபான கொஞ்சம் குடு தம்பி, ரெண்டு நாள்ல திருப்பித் தரேன்"னு. நான் அது சும்மா ஒரு ஹிந்தி வார்த்தைன்னு நெனச்சிட்டிருந்தேன்.

அப்புறம் பல வருஷம் கழிச்சு மோல்மேன் போறேன். அப்போ பாலம் கிடையாது, பாலம் 2005லதான் வந்தது, ரயிலு மொட்டமாலயே நின்னுடும், எறங்கி மூட்டைய தூக்கிட்டு படகுக்கு நிக்கணும். பக்கத்துல ஒரு மோன்காரப் பெரியவரு, மோன்னா அந்தப் பக்கத்துப் பூர்வீக ஜனங்க, பேச்சு குடுத்தாரு. வெள்ளைக்காரங்க இந்த ஊர மர்த்தபான்னு சொல்லுவாங்கன்னாரு. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. பாட்டி ஜாடி! அக்கா சொன்னது ஜாடியோட பேரு இல்ல, ஊரு பேரு. நான் நின்னுட்டிருந்த ஊரு பேரு.

அதுல இருந்து இதத் தேடித் தேடிப் படிச்சேன். 1287ல வரேருன்னு ஒரு ராஜா மொட்டமாவ தலைநகரா வெச்சு மோன் ராஜ்யத்த ஆரம்பிச்சாரு, 1369ல தலைநகரு பெகுவுக்குப் போகிற வரைக்கும் இதுதான் பெரிய ஊரு. இங்க இருந்து கப்பல் ஏறின ஜாடிங்க, இங்க செஞ்சதும் சரி, வேற எங்கயோ செஞ்சு இது வழியா போனதும் சரி, எல்லாத்துக்கும் ஊரு பேரே பேராயிடுச்சு. 14ஆம் நூற்றாண்டுல ஊர் ஊரா சுத்தின இபின் பதூதா, ஒரு இளவரசி தனக்குக் குடுத்த பரிசுல நாலு மர்த்தபான் இருந்ததுன்னு எழுதியிருக்காரு. உள்ள என்ன தெரியுமா, இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய், எல்லாம் கப்பல் பயணத்துக்காக உப்புல ஊறப் போட்டது. மாங்காய் நேயர்களே! எங்க பாட்டி போட்டதும் அதேதான்.

ஜாடியிலயே நேரம் போயிடுச்சு, சரி, அக்கரைக்கு வர்றேன். 1826ல யண்டபோ ஒப்பந்தம், பர்மா ராஜா சண்டையில தோத்து போட்டது, மோல்மேன் இருக்குற தெனாசரிம் கரை வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. அடுத்த வருஷத்துல இருந்து 1852 வரைக்கும் அவன் பர்மாவுக்குத் தலைநகரு மோல்மேன்தான், ரங்கூன் இல்ல. இத நம்ம பிள்ளைங்க கிட்ட சொல்லுங்க, ரங்கூன் இல்ல, மோல்மேன். தேக்கு மரத்த ஆத்துல மிதக்கவிட்டு இங்க கொண்டு வந்து, யானைய வெச்சு அடுக்கி, இங்கயே கப்பலும் கட்டினாங்க. மலை மேல சைக்தன்லான் பகோடால சாயங்காலம் ஏறி நின்னா ஆறு, தீவு, பாலம், அந்தப் பக்கம் மொட்டமா, எல்லாம் தெரியும். ஊருக்குள்ள மோன் மியூசியம் இருக்கு, அந்த எழுத்தப் பாருங்க, நம்ம தென்னாட்டு எழுத்துல இருந்து பிறந்தது, வட்ட வட்டமா. தெற்க முடோன் பக்கம் ரப்பர் தோட்டம், நம்ம தமிழ்க் குடும்பங்க இன்னும் இருக்காங்க, போனா சாப்பிடாம விட மாட்டாங்க.

கைய காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். நான் கடைசியா வெச்சிருந்தது தன்பியூசயாட். முடோனத் தாண்டி இன்னும் தெற்க. ரெண்டாம் உலகப் போர்ல சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல ஜப்பான்காரன் போட்ட மரண ரயில், 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல முடிஞ்சது, இந்தப் பக்கத்து முனை இங்கதான். அங்க போர்க் கல்லறைல 3,700க்கு மேல சிப்பாய்ங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கல்லு, புல்லு வெட்டி அழகா வெச்சிருக்காங்க. மலாயால இருந்து வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த நம்ம தமிழ் ஜனங்க அந்தப் பாதைல ஆயிரக்கணக்குல செத்தாங்க, காலராவுலயும் பட்டினியிலயும். அந்தக் கல்லறைல அவங்களுக்கு ஒரு கல்லு கூட இல்ல. நான் வரிசை வரிசையா நடந்து பாத்தேன். அப்புறம் வெளிய வந்து, தண்டவாளம் போன பக்கமா திரும்பி நின்னு, கையில இருந்த பூவ அங்கயே வெச்சுட்டு வந்தேன்.

நேரம் முடிஞ்சிடுச்சுங்கறாங்க. காலைலயே ரங்கூன்ல ரயில் ஏறுங்க, பாலம் பகல் வெளிச்சத்துல வரணும். வணக்கம்.