கப்பல் வந்தால் கோபுரம் வாயை மூடும்: 3.5 ஜிகாஹெர்ட்ஸ் பங்கீடு

[திரையில்: விமானம் தாங்கிக் கப்பல், சுழலும் ராடார்]

அமெரிக்கக் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பல்களில் எஸ்பிஎன்-43 என்றொரு ராடார் உண்டு. இறங்க வரும் விமானங்களை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. அது இயங்குவது 3.5 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைக்கற்றையில். 5ஜி கம்பெனிகள் கண் வைத்திருப்பதும் அங்கேதான். வேகமும் உண்டு, ஓரளவு தூரமும் போகும்.

கப்பல் இல்லாத நேரத்தில் அந்த அலைக்கற்றை சும்மா கிடந்தது. 2010-ல் அரசு யோசித்த வழி ரொம்ப எளிது: கரையிலிருந்து உள்ளே பல நூறு கிலோமீட்டர் வரை வேறு யாரும் தொடக்கூடாது. கணக்குப் போட்டால், அமெரிக்க மக்களில் சுமார் 60 சதவீதம் பேர் அந்தத் தடைப் பகுதிக்குள்! நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் இல்லாத அலைக்கற்றையை யார் சீந்துவார்கள்?

[திரையில்: மூன்று அடுக்குகள்]

2015-ல் எஃப்சிசி, அதாவது அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம், வேறு வழிக்கு வந்தது. அதன் பெயர் சிபிஆர்எஸ். 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லோருக்கும் இடம் உண்டு, ஆனால் வரிசைப்படி. முதலிடம் கடற்படை போன்ற பழைய பயனாளர்களுக்கு. அடுத்து, ஏலத்தில் உரிமம் எடுத்தவர்கள். 2020-ல் நடந்த ஏலத்தில் சுமார் 458 கோடி டாலர் வந்தது. செல்போன் கம்பெனியான வெரைசன் அள்ளியது சரி, டிராக்டர் செய்யும் ஜான் டியரும் தன் ஆலைகளுக்காக உரிமம் வாங்கியது! கவுண்டி கவுண்டியாக, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி சின்னச் சின்னப் பகுதிகளாக விற்றதால்தான் அது முடிந்தது.

மூன்றாவது அடுக்கு, ரயிலில் முன்பதிவில்லாத பெட்டி மாதிரி. உரிமக் கட்டணம் கிடையாது, இடம் இருந்தால் ஏறலாம். ஆனால் வைஃபை போல நினைத்தவுடன் ஆன் செய்ய முடியாது.

[திரையில்: கடற்கரை வரைபடம், சென்சார் புள்ளிகள்]

ஏனென்றால் நடுவில் எஸ்ஏஎஸ் என்ற மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. கூகுள், ஃபெடரேட்டட் வயர்லெஸ் போன்றவை அதை நடத்துகின்றன. அலையை அனுப்பும் கருவி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பதிவு செய்தால், எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்று அது சொல்லும்.

அப்புறம் ஒரு சிக்கல். கப்பல் எங்கே போகிறது என்பது ராணுவ ரகசியம், கடற்படை சொல்லாது. அதனால் கரையோரம் சென்சார்களை வைத்து ராடார் சத்தத்துக்குக் காது கொடுக்கிறார்கள். கேட்டதும் எஸ்ஏஎஸ்ஸுக்குத் தகவல் போகும். விலகச் சொல்லி அது உத்தரவிட்டால், 60 விநாடிக்குள் கருவி நிறுத்த வேண்டும், இல்லை வேறு அலைவரிசைக்குப் போக வேண்டும். கப்பலின் நடமாட்டத்தைச் சேமித்து வைக்க சென்சாருக்கு அனுமதியில்லை. கேட்கலாம், ஞாபகம் வைக்கக்கூடாது!

வேடிக்கை என்னவென்றால், தூரத்து ராடாரைக் கேட்க சென்சாரைச் சுற்றி அமைதி வேண்டும். ஆகவே பக்கத்துக் கோபுரங்கள் கப்பலே வராவிட்டாலும் அடக்கித்தான் வாசிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் பலவீனம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இப்போதைய சண்டை சக்தியைப் பற்றியது. வெளியில் வைக்கும் கருவிக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கு 50 வாட்தான் உச்சவரம்பு. அதை உயர்த்தலாமா என்று 2024-ல் எஃப்சிசி கருத்துக் கேட்டது. உயர்த்தினால் பெரிய கம்பெனிகளுக்குக் கோபுரச் செலவு குறையும். ஆனால் ஒவ்வொரு கோபுரமும் அதிக இடத்தை வளைத்துக்கொள்ளும். கட்டணமில்லாத அடுக்கை நம்பி கிராமத்து இணையம் நடத்துபவர்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. நெரிசல் வந்தால் முதலில் இடம் போவது அவர்களுக்குத்தான்.