சர்கோதாவிலிருந்து திரும்பாதவர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1965 செப்டம்பர் 7. விடிவதற்கு முன்பே பஞ்சாபின் ஆதம்பூர் தளத்திலிருந்து இந்திய விமானப்படையின் மிஸ்டேர் விமானங்கள் மேற்கு நோக்கிக் கிளம்பின. முந்தின நாள் மாலை பதான்கோட் தளம் தாக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலடியாக, பாகிஸ்தானின் மிக வலுவான விமானத் தளமான சர்கோதாவைத் தாக்கப் போனார்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவு. திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பி, இருட்டில் தாழப் பறந்து போகவேண்டும். எரிபொருளோ போய்த் திரும்பத்தான் போதும். வழியில் சண்டை மூண்டால் அதற்கென்று மிச்சம் எதுவும் இருக்காது.

விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா தலைமையில் 12 விமானங்கள் போவதாகத் திட்டம். யாருடைய விமானமாவது பழுதானால் அந்த இடத்தை நிரப்ப மாற்று விமானிகளும் தயாராக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. குடகு மண்ணின் மைந்தர், 32 வயது, பறக்கக் கற்றுத்தரும் பயிற்றுநராகவும் பணியாற்றியவர். அன்று ஒரு விமானம் விலக நேர்ந்ததால் அந்த இடத்தில் அவர் போனார்.

மற்றவர்கள் திரும்பினார்கள். தேவய்யா திரும்பவில்லை. தரையிலிருந்து சுட்ட பீரங்கி வீழ்த்தியதா, வேறு ஏதேனும் நேர்ந்ததா, சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. காணாமற்போனவர் என்று கோப்பில் பதிந்தார்கள். மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் அந்தப் பதிவோடு வாழத் தொடங்கினார்கள்.

14 ஆண்டுகள் கழித்து, 1979இல், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஃப்ரிக்கர் இந்தப் போரின் வான்வழிச் சண்டைகளைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. பாகிஸ்தான் தரப்புத் தகவல்களைக் கொண்டு எழுதப்பட்ட அந்த நூலில் ஒரு செய்தி இருந்தது. அன்று காலை, தனியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மிஸ்டேரை பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் விரட்டிப் பிடித்தது. ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடியது. மிஸ்டேர் நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தைக்கூட எட்டாது. ஸ்டார்ஃபைட்டர் முதலில் ஏவிய ஏவுகணை குறி தவறியது. பிறகு பீரங்கிக் குண்டுகள் மிஸ்டேரைத் துளைத்தன. கதை முடிந்தது என்று ஸ்டார்ஃபைட்டர் விமானி நினைத்த நேரத்தில், அடிபட்ட அந்த மிஸ்டேர் திரும்பி நின்று சண்டையிட்டது. அதன் குண்டுகள் ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தின. அதை ஓட்டிய அம்ஜத் உசேன் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

அந்த முதல் தாக்குதலிலிருந்து திரும்பாத மிஸ்டேர் ஒன்றே ஒன்றுதான். ஆகவே அதை ஓட்டியவர் தேவய்யாவாகத்தான் இருக்க வேண்டும். தனேஜா இதை எடுத்துக்கொண்டு விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதினார். தன் தலைமையில் போன ஒருவர் எப்படி மறைந்தார் என்பதை, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் பின்தொடர்ந்தாரே, அந்த அக்கறையை நான் வணங்குகிறேன். 1988இல், போர் முடிந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகு, தேவய்யாவுக்குப் போர்க்கள வீரத்துக்கான விருதான மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

தேவய்யா அன்று திரும்பி நின்றதைப் பார்த்த ஒரே மனிதர் எதிரி நாட்டு விமானிதான். அவர் பிழைத்திருக்காவிட்டால், பிழைத்தவர் உள்ளதைச் சொல்லாமல் மறைத்திருந்தால், இந்த வீரம் அடியோடு அழிந்திருக்கும். தேவய்யாவின் உடலை அங்கிருந்த கிராமத்து மக்கள் கண்டெடுத்து அடக்கம் செய்ததாகவும் பாகிஸ்தான் தரப்பிலிருந்தே பின்னர் தெரியவந்தது. முன்பின் அறியாத அந்த மக்களுக்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அந்தச் செய்தி ஒரு பிரிட்டன் எழுத்தாளர் வழியாக, அதுவும் 14 ஆண்டுகள் கழித்துத்தானா வந்து சேர வேண்டும்? போர் ஓய்ந்ததும் இரு விமானப்படைகளும் உட்கார்ந்து, அவரவர் பக்கம் விழுந்தவை எவை, அவற்றில் யார் இருந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? அதில் எந்த ராணுவ ரகசியமும் வெளியாகிவிடாது.

1971 போரில் காணாமற்போன 54 இந்திய வீரர்களின் குடும்பங்களுக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. அந்தப் பட்டியலில் விமானப்படையினர் பலர். 2007இல் உறவினர்கள் சிலர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்படி யாரும் தங்கள் காவலில் இல்லை என்பதுதான் பாகிஸ்தானின் பதில். இல்லையென்றால், எந்த விமானம் எந்த வயலில் விழுந்தது, யாரை எங்கே புதைத்தார்கள் என்ற அந்தக் காலத்துத் தளப் பதிவேடுகளைத் திறந்து காட்டட்டும். நாமும் நம்முடைய பதிவேடுகளைத் திறந்து காட்ட வேண்டும். அங்கும் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அன்று பறந்தவர்கள் இரு பக்கமும் இப்போது முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.