பாஸ் லைட்டுக்கு என்ன அர்த்தம்?

(சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி, திருச்சியில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய நண்பர் ‘சாலைப் பாதுகாப்பு நிபுணர்’ என்று சொல்லிவிட்டார். அதெல்லாம் பெரிய வார்த்தை. நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். 31 வருஷமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கிற இன்னொரு பிரேக்கின் மேல் கால் வைத்தபடியே பிழைக்கிறவன். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட கால் தானாகத் தரையை அமுக்கும்.

போன வாரம் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னிடம் ஒரு டீச்சரம்மா கார் கற்றுக்கொள்கிறார். வயது 52. அரிஸ்டோ மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் நெரிசல், வண்டிகள் நின்றுவிட்டன. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதுதான் எங்கள் பாடத்திலேயே கஷ்டமானது. கிளச்சை மெல்ல மெல்ல விட வேண்டும். இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கும், வண்டி லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் காலுக்குத் தெரிந்த பிறகுதான் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கு மாற வேண்டும். முந்திக்கொண்டால் வண்டி ஒரு அடி பின்னால் உருளும். ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கலாம்தான்; பதற்றத்தில் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஒரு கார் எங்கள் பம்பரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. எல் போர்டு தெரியவில்லை என்று சொல்ல முடியாது. சட்டப்படி 18 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து. போதாதென்று டிக்கி அகலத்துக்கு ஸ்கூல் பெயர் வேறு எழுதி வைத்திருக்கிறோம். முன் வண்டி நகர்ந்தது. டீச்சர் கிளச்சில் காலை அசைப்பதற்குள் பின்னாலிருந்து ஹாரன். விட்டுவிட்டு அடிக்கிற ஹாரன் இல்லை, ஒரே அமுக்கு. அவர் பதறிக் காலை எடுக்க, வண்டி ஆஃப். இப்போது மூன்று ஹாரன். “சார், நான் இறங்கிக்கிறேன் சார், நீங்களே ஓட்டிடுங்க” என்றார். ஸ்டீயரிங் பூரா வேர்வை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற அம்மா அவர்.

அந்த ஹாரனுக்கு என்ன அர்த்தம்? ‘நான் இங்கே இருக்கேன், பாத்துக்க’ என்று சொல்லத்தான் ஹாரன். வளைவுக்கு, சந்து முனைக்கு. அந்த அண்ணன் அங்கே இருப்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும், ஒரு முழத்தில் இருக்கிறாரே! அவர் சொன்னது வேறு: ‘நகரு’. சிக்னலிலும் இதே கதை. சிவப்பில் நம்பர் இறங்குகிறது. ஐந்து, நான்கு, மூன்று. மூன்றிலேயே ஹாரன் ஆரம்பம். முன்னால் நிற்பவனுக்கு எண்கள் தெரியாது போல. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 என்று சேர்த்தார்கள். இங்கே யாராவது கட்டியிருக்கிறீர்களா? கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. சரி, ஹெல்மெட்டுக்கு? பாருங்கள், பாதி அரங்கம்.

ஹாரனாவது காதுக்குப் புரியும். பாஸ் லைட் இருக்கிறதே, ஹெட்லைட்டை ஒரு நொடி மின்னிக் காட்டுவது, அது தனிக்கதை. லண்டனில் இருபது வருஷம் கார் ஓட்டிய என் மைத்துனர் லீவில் வந்திருந்தார். என் வண்டியை எடுத்துக்கொண்டு தில்லைநகர் பக்கம் போனார், நான் பக்கத்தில். ஒரு குறுக்குச் சந்திப்பில் எதிரே வந்த கார் இரண்டு தடவை லைட் அடித்தது. மைத்துனர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். நான் என் பக்கம் பிரேக்கைத் தேடுகிறேன், சொந்தக் காரில் ஏது? மயிரிழையில் தப்பினோம். அந்த ஊரில் சாலை விதிப் புத்தகம் ‘நான் இருக்கிறேன்’ என்று காட்ட மட்டுமே லைட் அடிக்கச் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் அதற்கு ‘நீங்க வாங்க’ என்று அர்த்தமாகிவிட்டது. நம் ஊரில் ‘நான் வர்றேன், நீ நில்லு’. எதிரே வந்தவர் இறங்கி, “லைட் அடிச்சேன்ல?” என்று கத்துகிறார். மைத்துனர் பாவம், “அடிச்சீங்க, அதனாலதானே வந்தேன்” என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

லாரிக்காரர்கள் வலது இண்டிகேட்டர் போட்டால் சிலருக்கு அது ‘என்னைத் தாண்டிப் போ’. புத்தகத்தின்படி ‘நான் வலது பக்கம் திரும்பப் போறேன்’. எதை நம்பி ஏறுவது? நான் பிள்ளைகளிடம் சொல்வது: எதையும் நம்பாதே, லாரியின் முன் சக்கரத்தைப் பார். கார்க்காரர்களோ நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நேராகப் போகிறார்கள். பழுதாகி நிற்கிற வண்டிக்குக் கொடுத்த விளக்கு அது. ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கோணத்தில் நிற்பவனுக்கு, அந்த வண்டி திரும்புவது போலத்தான் தெரியும்.

ஆம்புலன்ஸ் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேசினால் மேடையில் சொல்லக்கூடாத வார்த்தை வந்துவிடும்.

அடுத்தவர்களையே குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாலைந்து வருஷம் முன்பு, இரவு ஒன்பதரை இருக்கும், கரூரிலிருந்து தனியாக வருகிறேன். பெட்டவாய்த்தலைக்குக் கொஞ்சம் முன்னால். எதிரே ஒரு கார், முழு பிரைட். நான் டிம் அடித்துக் காட்டினேன். இறக்கவில்லை. மறுபடி காட்டினேன். இறக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ‘உனக்கு மட்டும்தான் பிரைட் இருக்கா?’ என்று நானும் தூக்கிப் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடிக்கு 16, 17 மீட்டர் போகும். எதிரெதிரே இரண்டு வண்டி என்றால் இடைவெளி விநாடிக்கு 33 மீட்டர் குறைகிறது. கூசிய கண் தெளியப் பல விநாடிகள் வேண்டும், என் வயதுக்கு இன்னும் கூட. அந்த வெள்ளைக்குள் எனக்கு ரோடும் இல்லை, ஓரமும் இல்லை. அந்தக் கார் கடந்து போன அடுத்த நொடி, என் இடது கண்ணாடிக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதோ உரசிக்கொண்டு போனது.

நிறுத்தி இறங்கிப் போனேன். ஒரு பெரியவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், கேரியரில் வாழை இலைக் கட்டு. மேல் இலைகள் கிழிந்து தொங்கின. காலையில் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்கு. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, “ரெண்டு பக்கமும் வெளிச்சம் அடிச்சுது தம்பி, எனக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியல” என்றார். நானும் அந்தக் கார்க்காரனும் சண்டை போட்டோம். நடுவில் ஒரு ஆள் இருந்தது இரண்டு பேருக்குமே தெரியாது. இலைக்குக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்தார். கட்டின் மேல் செருகிவிட்டு வந்தேன்.

அப்போது என் ஸ்கூல் ஆரம்பித்து எத்தனை வருஷம்! டெஸ்டில் பைக்குக்கு எட்டுப் போடச் சொல்வார்கள். காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள். எல்லாம் பட்டப்பகலில். எதிரே வண்டி வரும்போது லைட்டை இறக்குகிறானா என்று பார்க்க ராத்திரி டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. டெஸ்டில் இல்லாததை நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது என்னிடம் சேருகிறவர்களுக்குக் கடைசி இரண்டு வகுப்பு இரவு ஏழரைக்கு மேல்தான். “எதுக்கு சார் ராத்திரியில?” என்று கேட்பார்கள். வாழை இலைக் கதையைச் சொல்லிவிடுவேன்.

ஒரு கோரிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். டீச்சரம்மாவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை டெஸ்ட். அதுவரை தினமும் காலை ஆறரைக்கு அரிஸ்டோ மேம்பாலத்தில் ஏற்றம் பழகப் போகிறோம். வெள்ளை வண்டி, டிக்கி அகலத்துக்கு எழுத்து. அந்தப் பக்கம் வந்தீர்களென்றால், பின்னால் ஒரு கார் நீளம் விட்டு நில்லுங்கள். அவர் இன்னும் ஒரு அடி பின்னால் உருளுகிறார்.