நிலைக்கு வராத தேர்

(தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவில் பேசியது. கையில் வைத்திருந்த குறிப்புகளைப் பிறகு விரித்து எழுதினேன்.)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், கடைசி வரிசையில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "இணையத் துப்பாக்கி விளையாட்டுகளின் தீமைகள்". தீமைகளை மட்டும் பேச ஆள் தேடியவர்கள் தப்பான ஆளைப் பிடித்துவிட்டார்கள். பகலில் வீடு வீடாக நெட்வொர்க் கேபிள் இழுப்பது என் வேலை. ராத்திரியில், பல வருடங்களாக, அதே கேபிளில் உட்கார்ந்து சுடுகிறேன். என் தமிழ் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி விளையாட்டு என்றதும் உங்களில் பலருக்கு ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதுவதுதான் நினைவுக்கு வரும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசியாக ஒருவன் மிஞ்சுவது தெரியும். நான் ஆடுவது வேறு வகை. 2012 நவம்பரில் வந்த பிளானட்சைடு 2. ஒரு கண்டம், மூன்று படைகள், நூற்றுக்கணக்கான ஆட்கள், எல்லாரும் ஒரே சமயத்தில். 2015 ஜனவரி 24 அன்று ஒரே போரில் 1,158 பேர் நின்றார்கள், கின்னஸ் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. பழைய பிளானட்சைடு 2003-லேயே வந்துவிட்டது. அந்தக் காலத்து இணைய வேகத்தில் அதை எப்படி ஆடினார்கள் என்று கேபிள்காரனான எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

என் முதல் ராத்திரியைச் சொல்கிறேன். எனக்குக் குறி பார்க்கவே வரவில்லை. எவனோ சுட்டான், செத்தேன், பிறந்தேன், மறுபடி செத்தேன். கடைசியில் ஒரு வெள்ளைக்காரக் குரல் ஹெட்போனில் சொன்னது: "நீ வண்டி ஓட்டு." சண்டரர் என்று ஒரு பெரிய வண்டி. நம் ஊர்ப் பஸ் மாதிரி இருக்கும். அதை மலைக்குப் பின்னால் மறைத்து நிறுத்திவிட்டால், நம் படையில் செத்தவர்கள் அந்த வண்டியிலிருந்து மறுபடி இறங்கி ஓடுவார்கள். நிறுத்தினேன். அவ்வளவுதான். அந்த ராத்திரி ஒருவனைக்கூட நான் சுடவில்லை. ஆனால் என் வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், கோட்டையைப் பிடித்தோம். "டிரைவர், நன்றி" என்று யாரோ எழுதினான். எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதை எதனோடு ஒப்பிடுவது என்று யோசித்தால் எனக்கு மவுண்ட் எட்ஜ்கூம் எம்பெருமாள் கோயில் தேர்தான் வருகிறது. ஈஸ்டர் சமயத்தில் நடக்குமே, அந்தத் தேர்த் திருவிழா. சின்ன வயதில் அப்பா என் கையை எடுத்து வடத்தில் வைத்தார். நான் இழுத்தேனா? இல்லை, வடம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. ஆனாலும் தேர் நகர்ந்தபோது நான்தான் நகர்த்தினேன் என்று ஆயாவிடம் போய்ச் சொன்னேன். ஆயாவும் ஒத்துக்கொண்டார்.

ஊர் கூடித் தேர் இழுப்பதில் உள்ள அந்த சுகம்தான் இங்கேயும். சின்ன விளையாட்டில் நீ திறமைசாலியாக இருந்தே ஆகவேண்டும். பெரிய கூட்டத்தில் கை சுமாராக இருப்பவனுக்கும் வேலை உண்டு. ஒருவன் மருத்துவன், விழுந்தவனை எழுப்புவான். ஒருவன் பழுது பார்ப்பான், தோட்டா கொடுப்பான். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும் கப்பலை ஒருவன் ஓட்டுவான். நாற்பத்தெட்டு பேர் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். நம் இலக்கணத்தில் கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை, காப்பது நொச்சி என்று படித்திருக்கிறோம். வகுப்பில் அது மனப்பாடம். நொச்சி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது, வாசலில் மூன்று பக்கமும் எதிரி நிற்க, முன்பின் தெரியாத முப்பது பேரோடு ஒரு மாடிப்படியைக் காத்த ராத்திரியில்தான்.

சரி, குறைக்கு வருவோம். முதல் குறை நம் ஊருக்கே உரியது.

இந்த விளையாட்டுக்கு ஆப்பிரிக்காவில் சர்வர், அதாவது எல்லாரையும் ஒரே ஆட்டத்தில் இணைக்கும் கம்ப்யூட்டர், கிடையாது; ஐரோப்பாவுக்குப் போய்த்தான் சுட வேண்டும். கடிகாரம் நமக்கு நண்பன். ஐரோப்பாவில் சாயங்காலம் என்றால் நமக்கும் சாயங்காலம், கூட்டம் கூடுகிற நேரம் ஒன்று. தூரம்தான் பகை. டர்பனிலிருந்து லண்டன் நேர்கோட்டில் ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடியில் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவே கிட்டத்தட்ட 95 மில்லிசெகண்ட் ஆகிவிடும் (ஆயிரம் மில்லிசெகண்ட் ஒரு விநாடி). கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் பல இடத்தில் கைமாறும், ஆகவே 150-ஐத் தாண்டும். 2009-இல் சீகாம் கேபிள் டர்பனுக்கு வடக்கே ம்துன்சினியில் கரையேறியபோது எங்கள் வேலையே மாறியது, விலையும் இறங்கியது. ஆனால் எத்தனை கேபிள் போட்டாலும் ஒளியை வேகமாக ஓடச் சொல்ல முடியாது. மாதாமாதம் கூடுதல் காசு கொடுத்துப் பெரிய லைன் வாங்கும் பிள்ளைகளே, கேட்டுக்கொள்ளுங்கள்: குழாயை அகலமாக்கலாம், நீளத்தைக் குறைக்க முடியாது.

இந்தத் தாமதத்தை மறைக்க அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சுடுகிறவனுடைய கம்ப்யூட்டரே தீர்மானிக்கும். என் திரையில் பட்டால் பட்டதுதான். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்து முடித்த பிறகும் அவன் திரையில் வெளியேதான் நிற்கிறேன். சுவருக்குப் பின்னால் செத்துப்போகிறேன். எனக்கு எரிச்சல். அவனுக்கும் என்னால் அதே எரிச்சல். கடலுக்கு இரண்டு கரையிலும் இரண்டு பேர் கெட்ட வார்த்தை சொல்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் நியாயம்.

"ஜோகன்னஸ்பர்க்கில் சர்வர் உள்ள விளையாட்டை ஆடலாமே அங்கிள்" என்று என் தங்கை மகன் கேட்டான். ஆடலாம், தாமதமே தெரியாது. ஆனால் பெரிய விளையாட்டுக்குப் பெரிய கூட்டம் வேண்டும். நம் நாட்டில் அது சனிக்கிழமை ராத்திரி கொஞ்சம் சேரும், செவ்வாய்க்கிழமை சேராது. பக்கத்தில் போனால் ஆள் இல்லை, ஆள் இருக்கும் இடம் பக்கத்தில் இல்லை. நடுவில், முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெடிங் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டை விழப்போகிற நேரத்தில் தெருவே இருண்டு, பிளட்டூன் தலைவன் காணாமல் போவான். அந்தத் தலைவன் பல முறை நான்தான்.

இன்னொரு குறை கணக்கில் இருக்கிறது. கல்யாண வீட்டில் 64 பேர் இருந்து, ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் நலம் விசாரித்தால் 4,032 விசாரிப்பு. 128 பேர் வந்தால் இரண்டு மடங்கு என்று நினைப்போம், ஆனால் 16,256, நான்கு மடங்கு. ஆயிரம் பேர் என்றால் பத்து லட்சத்தைத் தொடும். சர்வருக்கும் இதே பாடுதான், யார் எங்கே நிற்கிறான் என்பதை எல்லாருக்கும் சொல்லவேண்டும். அதனால் பெருங்கூட்டத்தில் தூரத்தில் நிற்பவனைத் திரையில் காட்டாமலே விட்டுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாதவன் நம்மைக் கொல்லுவான்.

கணக்குக்கு வழி கண்டுபிடித்தாலும் சுவைக்கு வழி வேண்டும். 2021-இல் பேட்டில்ஃபீல்டு 2042 என்ற விளையாட்டு வந்தபோது 128 பேர் என்று பெரிதாக விளம்பரம். ஆட ஆட, நடப்பதற்கு இடம் நிறைய, செய்வதற்கு வேலை குறைவு. அடுத்த வருடமே அதில் ஒரு முக்கிய ஆட்ட வகையை 64 பேருக்குக் குறைத்தார்கள். 2025-இல் வந்த அடுத்த பேட்டில்ஃபீல்டும் 64-க்கே திரும்பிவிட்டது. பெரிது என்பதாலேயே நன்றாக இருக்காது. பெரிய கூட்டத்துக்குள் சின்னச் சின்ன வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியவேண்டும். அந்த வகையில் எனக்குப் பிடித்தது 2010-இல் பிளேஸ்டேஷன் 3-இல் வந்த மேக் (MAG) என்ற விளையாட்டு. எட்டுப் பேர் ஒரு அணி, நான்கு அணி ஒரு பிளட்டூன், நான்கு பிளட்டூன் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 128 பேர், ஒவ்வொரு படியிலும் ஒரு தலைவன். அழகான ஏற்பாடு. 2014 ஜனவரி 28 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, போட்டால் சுற்றும், உள்ளே போக ஊர் இல்லை.

இங்கேதான் என் தேர் ஒப்பீடு உடைகிறது. தேர் எவ்வளவு ஆடினாலும், எத்தனை முறை முட்டுக்கட்டை போட்டாலும், கடைசியில் நிலைக்கு வந்துவிடும். இழுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். இந்தத் தேருக்கு நிலை கிடையாது. ராத்திரி இரண்டு மணி வரை போராடிப் பிடித்த கோட்டை, காலையில் நான் காபி குடிக்கும்போது வேறு எவனுடையதோ. கண்டத்தையே ஜெயித்தால் அதைப் பூட்டிவிட்டு இன்னொரு கண்டத்தைத் திறப்பார்கள். ஒருவனை எழுந்து போகவிடாத சங்கிலி இதுதான். முடிந்தது என்று சொல்லும் மணி அடிப்பதே இல்லை.

தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "சோறு ஆறுது, நிறுத்திட்டு வா" என்கிறீர்கள். பிள்ளை "நடுவுல நிறுத்த முடியாதும்மா" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே முடியாது, அங்கே மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவன் சொல்லாத ஒன்று உண்டு: கோட்டை கைமாறும் இடைவெளியில் எழுந்து வரலாம். "இந்தச் சண்டை முடிந்ததும் வா" என்று கேளுங்கள், தப்பிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. மணிக்கணக்கை வைத்து மட்டும் அதைச் சொல்வதில்லை. கட்டுப்பாடு போய், மற்ற எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் விடமுடியாமல், பெரும்பாலும் ஒரு வருடமாவது நீடிக்கவேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் கோபம் அதிகம். இலவசம் என்று கூப்பிட்டு, துப்பாக்கிக்குச் சட்டை விற்கிறார்கள். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க அரசோடு 52 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதில் 24.5 கோடி, வேண்டாததைத் தெரியாமல் வாங்க வைத்த பொத்தான்களுக்காக ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. பொத்தானை எங்கே வைத்தால் பிள்ளையின் விரல் தவறும் என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

வந்தவுடன் ஒரு ஆயா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "நம்ம பக்கத்துல கேக்குற துப்பாக்கிச் சத்தம் போதாதாப்பா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. திரையில் சுடும் பிள்ளை தெருவில் சுடுவான் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர் கேட்டது அதையல்ல என்று நினைக்கிறேன். அங்கே செத்தால் பத்து விநாடியில் என் வண்டியிலிருந்து இறங்கி வருவார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரரைச் சுட்ட ராத்திரி நான் ஆடிக்கொண்டுதான் இருந்தேன், எந்தச் சத்தம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு காதில் மட்டும்தான் ஹெட்போன். ஜன்னல் பக்கத்துக் காதைத் திறந்தே வைக்கிறேன். குறி இன்னும் மோசமாகிவிட்டது.

பின்னால் சமோசா வந்துவிட்டது என்று நினைக்கிறேன், வாசனை வருகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள், பிள்ளைகள் முதலில் கேட்கட்டும். பிங், அதாவது நான் சொன்ன அந்தத் தாமதம், குறைய என்ன செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் போய் இருந்தாலும் லண்டன் கொஞ்சம்தான் கிட்டே வரும்.