சட்டியில் இருந்தால்தானே!

மேடையில் வீற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, என்னோடு பணியாற்றிய தலைமையாசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தவரை விடக்கூடாது. அவருக்குத் தனி வணக்கம்.

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் கல்விப் பார்வையை உருவாக்குவது எது? மூன்று சொல்கிறேன்: அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியார், வேலை பார்க்கும் ஊர், கையில் கிடைக்கும் நேரம். என் மூன்றாம் வகுப்பு வாத்தியார் புளியங்கொட்டையை வைத்தே வகுத்தல் சொல்லித்தந்தார். பிறகு நானும் அப்படித்தான் சொல்லித்தந்தேன். ஊரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

நேரம்தான் பெரிய விஷயம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 150-ஐத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியரோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். அப்படியானால் நம் ஈராசிரியர் பள்ளிகளில்? அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். வகுப்பும் அவர்தான், எழுத்தரும் அவர்தான், மணி அடிப்பதும் பல நாள் அவர்தான்.

ஊரைப் பற்றி வருகிறேன் என்றேனே, 2022-இல் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் எமிஸ் என்னும் கல்வித் துறை இணையத் தளத்தில் வருகைப்பதிவு ஏற வேண்டுமென்றால் வேப்பமரத்தடிக்குப் போய்க் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நோட்டுத் திருத்தக் கொண்டுவந்த பிள்ளைகளிடம், "இரு கண்ணு, டவர் கிடைக்கட்டும்" என்பேன். ஒரு நாள் இடைவேளையில் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி தலைமையாசிரியர். சாக்பீஸ் எடுப்பாள், கதை சொல்வாள் என்று ஜன்னலோரம் நின்று ஆசையாகப் பார்த்தேன். அவள் ஒரு ஓட்டுச்சில்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திண்ணையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "வாய்மேல விரல வைங்க! சாருக்கு நெட் வரல!" அவ்வளவுதான் பாடம். "ஐயா, நோட்டு" என்று ஒரு பையன் வந்தான். "அளவைப் பதிவேடு கேக்குறாங்க, நாளைக்கு வா!" என்றாள். சிரிப்பு வந்தது. அன்று மத்தியானம் சத்துணவு எனக்கு இறங்கவில்லை.

சிரிக்கிறீர்கள். உங்கள் பள்ளித் திண்ணையிலும் எட்டிப் பாருங்கள், ஓட்டுச்சில் கிடக்கும்.

ஆகவேதான் நான்கு வருடமாக ஒரே பாட்டுப் பாடுகிறேன்: ஐந்து தொடக்கப் பள்ளிக்கு ஓர் எழுத்தர் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி. பதிவேடு, பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அவர் பார்க்கட்டும். பார்வை வேண்டும், தொலைநோக்கு வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். சரி, சட்டியில் என்ன போட்டீர்கள் அகப்பையில் வர?

வாசல் பக்க மேசையில் மனு இருக்கிறது. பெயர், பள்ளி, கையெழுத்து போதும். அலுவலர் ஐயா கையெழுத்துப் போட முடியாது, தெரியும். பேனா கடன் தரலாம். நன்றி, வணக்கம்.