கண்டிப்பா, கவனிப்பா? "கவனிப்பே" என்ற அணியில் ஓர் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, என் அணித் தோழர்களே, இந்த மழையிலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து குடை பிடித்து ஏறி வந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, அனைவருக்கும் வணக்கம்.

"வகுப்பில் ஓர் இடத்தில் இருக்கமாட்டாத சின்னப் பிள்ளைக்கு முதலில் தேவை கண்டிப்பா, கவனிப்பா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் ஐயா உணர்ச்சியோடு பேசினார். அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு, வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒருவரும் அசையமாட்டார்கள் என்றார். உண்மைதான் ஐயா. ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டன. அசையாமல் உட்கார்ந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் அதற்கும் முன்னாலேயே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அந்த அமைதியை நல்ல படிப்புக்குச் சாட்சியாக என்னால் ஏற்க முடியவில்லை.

நான் தரம் 2 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கதிரை நுனியில் தொங்குவது, பென்சிலைக் கடிப்பது, மேசைக்கடியில் காலை ஆட்டுவது, "டீச்சர், தண்ணி குடிக்கப் போகட்டுமா" என்று நாலு தரம் கேட்பது, இதெல்லாம் எனக்கு அன்றாடம். இதைக் குழப்படி என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். கொஞ்சம் வயதைப் பாருங்கள். நம் இலங்கையில் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1இல் சேரும். அப்படியென்றால் ஒரே வாங்கில் ஐந்து வயது அப்போதுதான் முடிந்த பிள்ளையும், ஆறை நெருங்கும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது அதன் வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. அங்கே டிசம்பரில் பிறந்த பிள்ளைதான் வகுப்பிலேயே சின்னது. அதே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பையன்களோடு ஒப்பிட்டால், டிசம்பர்ப் பையன்களுக்கு "கவனக் குறைவு, மிகை இயக்கக் குறைபாடு" என்ற முத்திரை விழுவது 30 சதவீதம் அதிகம். பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம் அதிகம். பிறந்த மாதம் ஒரு நோயா, நடுவர் அவர்களே? அந்தப் பிள்ளை இன்னும் சின்னப் பிள்ளை, அவ்வளவுதான்.

அடுத்து நம் வீட்டுக் காலையைப் பார்ப்போம். அம்மா விடியுமுன் எழும்பி ரொட்டி தட்டி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிறது என்று ஓடுவார். ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கும் வீட்டில், அடுப்பு பற்றவைத்தால் பிள்ளையும் எழும்பிவிடும். இரவு பத்து மணி வரைக்கும் பக்கத்து வீட்டு டிவி சத்தம். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் தூக்கம் வேண்டும். எங்கே கிடைக்கிறது? தூக்கம் குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்து சாய்ந்துவிடுவோம். சின்னப் பிள்ளை பலநேரம் அதற்கு எதிர்மாறாக ஓடும், கத்தும், காரணமில்லாமல் அழும். நாம் அதைத் திமிர் என்கிறோம்.

ஒரு விஷயத்தை மேடையில் சொல்லக் கூச்சப்படக் கூடாது: கீரிப்பூச்சி. குடலில் வாழும் பூச்சி, வெள்ளை நூல்துண்டு மாதிரி இருக்கும். பெண்பூச்சி இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். பிள்ளைக்குத் தாங்கமுடியாத அரிப்பு. தூக்கம் கெடும். காலையில் வகுப்பில் கதிரையில் இப்படியும் அப்படியும் நெளியும். வெட்கத்தில் வாய் திறக்காது. சொறிந்த நகத்துக்குள் முட்டை ஒட்டிக்கொள்ளும், அந்தக் கையே வாய்க்குப் போகும், திரும்பவும் முதலிலிருந்து. ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, ஒரே பாயில் படுக்கும் வீட்டார் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டு கிழமை கழித்து இன்னொரு தரமும் கொடுப்பது வழக்கம். அளவைத் தோட்டத்து டாக்டரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இப்படி நெளிகிற பிள்ளையை முட்டுக்கால் போட வைத்தால் அரிப்பு நிற்குமா?

இரும்புச்சத்துக் குறைவும் அப்படித்தான். கவனம் சிதறும், எரிச்சல் வரும், தூக்கத்திலும் கால் அமைதியாக இருக்காது. நாம் தேயிலை மலையில் இருக்கிறோம், ரொட்டியோடு ஒரு கோப்பை பிளேன்டீ இல்லாமல் நமக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். பிள்ளைக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் வேண்டாம், ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுக்கலாம். அப்புறம், சீனி சாப்பிட்டால் பிள்ளை துள்ளும் என்று பல அம்மாமார் நம்புகிறார்கள். அதைப் பல ஆய்வுகள் சோதித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று 1995லேயே சொல்லிவிட்டன. பல்லுக்குக் கெடுதல்தான், துள்ளலுக்குக் காரணம் அது இல்லை.

என் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் எழும்பி நிற்பான், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பான். எல்லோருக்கும் அவன்மேல் முறைப்பாடு. பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு வந்தவர்கள் கண்ணைப் பார்த்தார்கள். கரும்பலகை அவனுக்குத் தெரியவே இல்லை. பொதுவாகத் தரம் 1இலும் 4இலும் வரும் அந்தப் பரிசோதனை நாளில் தயவுசெய்து பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

எதிரணியினர் "பாடம் என்றால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்" என்றார்கள். நம் நாட்டின் ஆரம்பக் கல்விப் பாடத்திட்டமே அப்படிச் சொல்லவில்லை. தரம் 1, 2இல் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்குத்தான் முதலிடம், அடுத்தது செயற்பாடு, மேசை வேலை எல்லாவற்றிலும் குறைவு. ஐந்தாம் தரம் வரும்போதுதான் மேசை வேலை கூடும். நாங்கள் என்ன செய்கிறோம்? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பயத்தை ஆறு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றி, முதல் நாளிலிருந்தே எழுது எழுது என்கிறோம். மே மாதத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் மைதானமும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது ஓடி ஆடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்பிலும் அசையாதே, வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலும் சத்தம் போடாதே என்றால் அந்தப் பிள்ளை எங்கேதான் ஓடும்?

சரி, இத்தனையும் சரிசெய்த பிறகும் அமைதிப்படாத பிள்ளை உண்டா? உண்டு. உலகளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு அந்தக் கவனக் குறைவு, மிகை இயக்கக் குறைபாடு இருக்கிறது. ஆனால் அதை டீச்சரும் சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லக் கூடாது. வைத்தியர் பார்ப்பார்: ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா, பாடசாலையில் மட்டுமில்லாமல் வீட்டிலும் இருக்கிறதா, படிப்பையும் சிநேகத்தையும் கெடுக்கிறதா, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியதா என்று. சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் பெண் பிள்ளைக்கும் இது இருக்கலாம், அவளை நாம் கவனிப்பதே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளின் மூளையின் மேற்படையான புறணி முதிர்வதற்குச் சராசரியாக மூன்று வருஷம் பிந்துகிறது என்று 2007இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2015இல் புளோரிடாவில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களைப் பார்த்தார்கள். குறைபாடு உள்ள பையன்கள் எவ்வளவு அசைந்தார்களோ அவ்வளவு நன்றாக எண்களை மனதில் வைத்து வரிசைப்படுத்திச் சொன்னார்கள். குறைபாடு இல்லாத பையன்களுக்கு அப்படி இல்லை. ஆக, சிலருக்கு அசைவதே மூளையை விழித்திருக்க வைக்கிறது. அவனை "கையைக் கட்டி இரு" என்றால், கையைக் கட்டி வைப்பதிலேயே அவன் கவனம் முழுதும் செலவாகிவிடும், பாடத்துக்கு மிச்சம் இருக்காது.

கையடக்கத் தொலைபேசி கெடுக்கிறது என்றார்கள். இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பாட்டியோடு இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் முகமே அதில்தான் தெரிகிறது. அந்தப் பிள்ளையின் பதற்றத்தையும் சேட்டை என்றா எழுதுவது? பிரம்பைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே தடைசெய்துவிட்டது.

"முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் எத்தனை பேரைக் கவனிப்பார்?" இது நியாயமான கேள்வி. பத்து நிமிஷத்துக்கு ஒரு வேலையை மாற்றலாம். கொப்பி பகிர்வதற்கும் கரும்பலகை துடைப்பதற்கும் அந்தத் துறுதுறுப் பிள்ளையையே அனுப்பலாம். நின்றுகொண்டு எழுத விடலாம். முக்கியமாக, இரண்டு கிழமை தொடர்ந்து ஒரு சின்னக் கொப்பியில் குறித்துப் பாருங்கள்: எந்த நேரத்தில் நெளிகிறான், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னாலா, கணக்குப் பாடத்திலா, திங்கட்கிழமையிலா? பசியா, பயமா, தூக்கமா என்று அந்தக் கொப்பியே வழி காட்டும். வைத்தியரிடம் போக வேண்டி வந்தாலும் அதைத்தான் அவர் முதலில் கேட்பார்.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் அண்ணனிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வயது, தூக்கம், பூச்சி, இரும்புச்சத்துக் குறைவு, கண், அம்மாவின் பிரிவு என்று நான் வரிசையாகச் சொன்ன காரணங்களில் உங்கள் கண்டிப்பு எதைத் தீர்க்கும் என்று ஒன்றையாவது காட்டிவிட்டு, பிறகு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.